சொந்தத்தில் சம்பந்தம்: ஒரு வார்த்தை கேளுங்கள்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் கல்யாணப் பேச்சும் கூடவே வந்துவிடும். பெங்களூரில் இருபது வருஷம் குடியிருந்தாலும் அத்தை மகள், மாமன் மகன் என்ற முறை நம்மை விடுவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள்தான். கர்நாடகத்திலும் ஏறக்குறைய அப்படியே. இந்த வழக்கத்தைப் பழிப்பது என் நோக்கமல்ல. இதில் மறைந்திருக்கும் ஓர் அபாயத்தைச் சொல்லியாக வேண்டும்.

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர் வியாதி என்று நினைக்கிறோம். ஸீரோடெர்மா பிக்மென்டோஸம் என்ற பிறவிக் கோளாறு நிறம் பார்ப்பதில்லை. வெயில் நம் உயிரணுக்களுக்குச் செய்யும் சேதத்தை உடம்பு தானே பழுதுபார்த்துக் கொள்கிறது. இந்தக் குழந்தைகளின் உடம்பால் அது முடிவதில்லை என்று 1968-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிளீவர் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். அதனால் வயதானவர்களுக்கு வரக்கூடிய தோல் புற்று இவர்களுக்குப் பள்ளி வயதிலேயே வந்துவிடுகிறது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு சேர்ந்தால்தான் இந்நோய் வரும். பெற்றோர் இருவரும் பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருப்பார்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரே பாட்டன் வழியில் வந்தவர்களிடம் ஒரே பழுது இருக்கும் சாத்தியம் அதிகம். எனவே, 'கிரகணத்தன்று வெளியே போனாள்' என்று மருமகளைத் திட்டுவது அநியாயம். பாதிப் பங்கு மகனுடையது.

இரண்டு வயதுக்குள் முகத்திலும் கையிலும் கரும்புள்ளிகள் நிறைய தோன்றினாலோ, கொஞ்ச வெயிலுக்கே தோல் கொப்பளித்தாலோ, வெளிச்சத்துக்குக் கண் கூசினாலோ நாட்டு மருந்து தடவிக் காலம் கடத்தாதீர்கள். தோல் டாக்டரிடம் காட்டுங்கள். இது தொற்றுநோயல்ல. முழுக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் வெயிலிலிருந்து காத்து, சில மாதத்துக்கு ஒருமுறை உடம்பு முழுவதும் பரிசோதித்து, சிறு கட்டியிலேயே அறுவை செய்து எடுத்துவிட்டால் ஆயுளை நீட்டலாம். முழுக்கை சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயில் தடுப்புக் களிம்பு எல்லாம் அவசியம். வெயில் படாததால் டாக்டர் சொல்லும் வைட்டமின் டி மாத்திரையும் தரவேண்டும். பள்ளிக்கூடங்களும் இப்பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தாமல் நிழலில் உட்கார அனுமதிக்க வேண்டும்.

பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், 'நம் வம்சத்தில் இப்படிக் குழந்தை பிறந்ததுண்டா?' என்றும் பெரியவர்களைக் கேட்போம். உண்டு என்றால் மறைக்காமல், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மரபணு ஆலோசனை பெறுவோம். பெங்களூரில் அதற்கு வசதி இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் அந்த வசதி வரவேண்டும் என்று கேட்பது நம் உரிமை.