ஒலி ஒத்தால் உறவாகுமா?

பெயர்களுக்குப் பொருள் தேடும் பெற்றோருக்கும், வகுப்பில் சொல்லாராய்ச்சி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் 'ஆடெல்ஹைட்' என்னும் செருமானியப் பெண்பெயர் ஒரு நல்ல பாடம்.

பழைய செருமன் மொழியின் இரு சொற்கள் இணைந்தது இப்பெயர். 'அடல்' என்பது உயர்குடிப் பிறப்பு. 'ஹைட்' என்பது தன்மை, நிலை. 'உயர்குடித் தன்மையள்' எனலாம். பின்சொல் இன்றைய செருமன் மொழியில் பண்புப்பெயர் விகுதியாக நின்று, நம் 'மை' விகுதியின் பணியைச் செய்கிறது.

முதலாம் ஒட்டோவின் துணைவியாகி 962-இல் பேரரசியாக முடிசூடியவர் ஆடெல்ஹைட். பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து இப்பெயர் 'ஆலிஸ்' ஆயிற்று. பிள்ளைகள் கதையில் அறிந்த 'ஹைடி'யும் இதன் சுருக்கமே. 1836-இல் தோன்றிய ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரம், செருமனியில் பிறந்த பிரிட்டிஷ் அரசியின் பெயரைத் தாங்கியது.

'அடல்' என்றதும் நம்மவருள் சிலர் மகிழ்ந்து, "தமிழிலும் அடல் உண்டு, ஆகவே இது தமிழ்ப் பெயரே" என முடிவு கட்டுவர். இதனை நான் ஏற்பதற்கில்லை. தமிழின் அடல் வலிமையையும் வெற்றியையும் குறிப்பது. கொல்லுதல், வெல்லுதல் எனப் பொருள்படும் 'அடு' என்னும் வினையடியில் பிறந்தது. செருமானிய அடலோ குலத்தைக் குறிப்பது. பொருளும் வேறு, வேரும் வேறு.

உண்மையான உறவு எப்படியிருக்கும்? ஆங்கிலத்தில் குழந்தைப் பருவத்தைக் குறிக்கும் 'சைல்ட்ஹூட்' என்பதன் ஈற்றிலுள்ள 'ஹூட்', செருமானிய 'ஹைட்'டின் உடன்பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் அது 'ஹாட்'. செருமன் மொழியில் கல் 'ஸ்டைன்', இல்லம் 'ஹைம்'. பழைய ஆங்கிலத்தில் அவை 'ஸ்டான்', 'ஹாம்'. ஒன்றில் 'ஐ' வருமிடத்து மற்றொன்றில் 'ஆ' வருதல் சொல்தோறும் தொடர்கிறது. இத்தகைய ஒழுங்கே உறவுக்குச் சான்று. தனியொரு சொல்லின் ஒலி ஒப்புமை தற்செயலாகவும் நேரலாம்.

நாம் வகுப்பில் விளையாட்டாகச் சொல்வதை மாணவன் உண்மையென நம்பி, நாளை இடைநிலைப்பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் எடுத்துரைப்பான். அங்கே அது மறுக்கப்படும்போது, தமிழாசிரியர் கற்பித்த மெய்யான செய்திகளையும் அவன் ஐயுறத் தொடங்குவான். தமிழின் தொன்மைக்குக் கல்வெட்டும் இலக்கியமும் சான்றாக உள்ளன. அவற்றையே கற்பிப்போம். பெயர்ப்பொருள் கேட்கும் பிள்ளையிடம், "இச்சொல்லின் வேர் எது?" என்று திருப்பிக் கேட்கவும் பழக்குவோம்.