நாற்பது நிமிடம்: யார் போட்ட கணக்கு?

அமைச்சர் ஒருவர் தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் தொலைபேசி அலறும். திரும்பி வந்து “என்ன சொன்னார்?” என்று கேட்டால், வீட்டிலுள்ள மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். ரேப் ரெக்கோடரோடு வானொலிச் செய்திக்குக் காத்திருந்த பரம்பரையைச் சேர்ந்தவன் நான். அடுத்த மேசைக்காரரின் காதை நம்பி எழுதிய வாக்கியத்துக்கு மறுநாள் மறுப்பறிக்கை வந்த அனுபவமும் உண்டு. ஆகவே நேரலையை நிறுத்திவைத்துப் பார்க்கும் வசதியை வெறும் சொகுசு என்று எவரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

1999இல் டிவோ, ரீப்ளே டிவி ஆகிய பெட்டிகள் இவ்வசதியை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுவந்தன. 2002இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் மீடியா சென்டர் வழியாக அதனை வீட்டுக் கணினியில் வைத்தது. மந்திரம் ஏதுமில்லை. வரும் ஒளிபரப்பைக் கணினி சிறு சிறு கோப்புகளாக வன்தட்டில் எழுதும். இடம் நிரம்பியதும் மிகப் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். விண்டோஸ் 7இல் ஒரு கோப்பு 300 விநாடி. மொத்தம் 8 கோப்பு. பெருக்கிப் பாருங்கள், 40 நிமிடம்.

ஏன் 40? அமெரிக்க இலக்கமுறை அலைவரிசை ஒன்றின் முழுக் கொள்ளளவு விநாடிக்கு ஏறத்தாழ 19.4 மெகாபிட். அந்தக் கணக்கிலும் 40 நிமிடத்துக்கு 6 கிகாபைட் கூடத் தேவையில்லை. மூன்று மணி நேரத்துக்கு 26 போதும். 500 கிகாபைட் வன்தட்டைச் சொந்தக் காசில் வாங்கியவனுக்கு இதைக்கூட ஒதுக்க உரிமையில்லையா?

உரிமை இருந்தது, ஆனால் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அமைப்புப் பட்டியலில் எங்கு தேடியும் அது கிடைக்காது. ரெஜிஸ்ட்ரி என்னும் பாதாள அறைக்குள் இறங்கி, அந்த இரண்டு எண்களையும் கையால் மாற்ற வேண்டும். அங்கே வேறெதையாவது தவறித் தொட்டால் கணினியே படுத்துவிடலாம். 8ஐ 36 ஆக்கினால் மூன்று மணி நேரம். இவ்வளவுதான் விடயம்! இதற்கா இத்தனை பூட்டு?

சாதாரணப் பாவனையாளர் குழம்பிவிடுவார் என்று சமாதானம் சொல்வார்கள். அப்படியானால், பதிவுகளுக்கு எத்தனை கிகாபைட் ஒதுக்குவது என்பதை அதே மென்பொருள் பட்டியலிலேயே கேட்டதே, அப்போது குழம்பவில்லையா? பதிவுப் பொத்தானை அழுத்தினால் போதுமே என்பது இன்னொரு வாதம். பதிவு என்பது முன்கூட்டியே தெரிந்த நிகழ்ச்சிக்கு. தொலைபேசி சொல்லிவிட்டு வருவதில்லை.

பார்வையாளன் தன் நேரத்துக்குப் பார்க்கலாம் என்பது ஒன்றும் களவாக வந்த உரிமையல்ல. 1984இல் சோனி நிறுவனத்தின் பீட்டாமக்ஸ் வழக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆயினும் 2008 மே மாதம் என்பிசி ஒளிபரப்பிய சில நிகழ்ச்சிகளை, விஸ்டா கணினிகளின் மீடியா சென்டர் பதிய மறுத்தது. ஒளிபரப்போடு வந்த ஒரு தடைக்குறிக்குத் தமது மென்பொருள் கீழ்ப்படிந்தது என்று மைக்ரோசொப்ட் ஒப்புக்கொண்டது. கணினி யாருடையது, அது யார் சொல்லைக் கேட்டது என்பதை அன்று பலரும் கண்டுகொண்டனர். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது மீடியா சென்டரே கைவிடப்பட்டது. பாதாள அறைக் கதவும் போயிற்று.

முடியாத காரியம் என்றால் மன்னிக்கலாம். டீவிஹெட்எண்ட் என்ற இலவச, திறந்த மூல மென்பொருளைப் பாருங்கள். நிறுத்தி வைக்கும் கால எல்லை எத்தனை நிமிடம், எவ்வளவு இடம் என்று அமைப்புப் பக்கத்திலேயே கேட்கிறது. எல்லையே வேண்டாம் என்றாலும் அதற்கொரு கட்டம் இருக்கிறது, குறியிட்டால் போதும். தன்னார்வலர்கள் ஊதியமின்றி எழுதிய மென்பொருளில் இருக்கும் அந்தக் கட்டத்தை, உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனத்தால் ஒரு மூலையிலாவது வைக்க முடியவில்லை.