இரவல் எழுதுகோலும் ஆய்வறமும்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடப்பது வெறும் மணல் அன்று. இல்மனைட்டு, உரூட்டைல், சிர்க்கான், மோனசைட்டு முதலிய கனிமங்கள் அதில் விரவிக் கிடக்கின்றன. மோனசைட்டில் தோரியம் உண்டு. அக்கரையில் வழிவழி வாழ்ந்த தமிழன் அம்மணலை மிதித்து நடந்தான். அதன் மதிப்பை உலகறியச் செய்தவரோ, திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணிகளை 1909ஆம் ஆண்டில் ஆராய்ந்த சோம்பெர்க்கு என்னும் செருமானியர். பொருள் இங்கே இருந்தது. வினா அங்கே பிறந்தது. வினவியவர் பக்கமே விளைவும் சென்றது.

அந்நிலை மாறுதற்கு உரிய இடம் பல்கலைக்கழகம். ஆயின் இன்று வினாவையே விலைகொடுத்து வாங்கும் வழக்கம் உலகெங்கும் பரவி வருகிறது. ஆய்வுக்கு நல்கை வேண்டும் திட்டவரைவைப் பேராசிரியர் எழுதுவதில்லை. வெளியாள் கூலிக்கு எழுதித் தருகிறார். மேலைநாடுகளில் இது வளமான தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஆய்வேடு எழுதித் தருவோம் என்னும் விளம்பரங்களைத் தமிழகமும் அறியும்.

இதனால் என்ன கேடு என்று கேட்பார் உளர். வழக்காடுவோர் வழக்குரைஞரை அமர்த்துவதில்லையா என்பர். ஒப்புமை பொருந்தாது. வழக்குரைஞர் மன்றத்தில் தம் பெயராலேயே நிற்கிறார். கூலி எழுத்தரோ மறைந்து நிற்கிறார். மேலும், திட்டவரைவு என்பது வெறும் வேண்டுகோள் அன்று. இதனை இவ்வாறு ஆராய்வேன் எனத் தரும் உறுதிமொழி. உறுதி கூறுபவர் ஒருவர், சொல்லைத் தந்தவர் வேறொருவர் என்றால், அச்சொல்லைக் காப்பவர் யார்? செலவுக்கணக்கு இடவும் படிவம் நிரப்பவும் துணை கொள்வது குற்றமன்று. வினாவையும் ஆய்வுமுறையையும் இரவல் வாங்குவதே குற்றம்.

பல்கலைக்கழக நல்கைக் குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை, பிறர் எழுத்தை எடுத்தாள்வதைத் தண்டிக்கிறது. அதன்படி ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை உண்டு. ஆனால் புதிதாக எழுதி விற்ற எழுத்தில் ஒப்புமை இராது. திருடியவன் அகப்படுவான், வாங்கியவன் தப்புவான். அமெரிக்க நடுவணரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம், பெரும்பகுதியும் எந்திர அறிவு எழுதிய வேண்டுகோள்களை ஏற்பதில்லை என 2025இல் அறிவித்தது. எந்திரத்தின் கைக்கு ஒரு நெறி என்றால், மறைந்திருக்கும் மாந்தனின் கைக்கும் அது வேண்டாவா?

குற்றம் ஆசிரியர்மேல் மட்டும் இல்லை. நடுவணரசு 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆராய்ச்சி அறக்கட்டளை ஒன்றை அமைத்தது. 'அனுசந்தான்' என வடசொல்லைப் பெயரிலேயே தாங்கி வந்த அதற்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி உரூபா எனத் திட்டமிடப்பட்டது. அங்கே வேண்டுகோள் விடுக்கும் மொழி நடைமுறையில் ஆங்கிலமே. மணலின் கதிரியக்கத்தையும் மீனவர் உடல்நலத்தையும் நேரில் அறிந்த குமரி மாவட்டத்துக் கல்லூரி ஆசிரியர், தம் கருத்தைத் தமிழில் தெளிவாகச் சொல்ல வல்லவர். ஆயினும் ஆங்கிலப் பகட்டு நடைக்கு முன் அவர் வாய் அடைக்கப்படுகிறது. அடைபட்ட வாய்க்கு அருகில்தான் கூலி எழுத்தரின் கடை திறக்கிறது. கடலோரத்தைக் காணாத ஒருவர், நல்கையாளர் விரும்பும் சொற்களைத் தேடி அடுக்குகிறார். ஊரார் வினா மறைகிறது. சந்தைக்கு ஏற்ற வினா முன்வருகிறது.

தீர்வு உண்டு. திட்டவரைவில் கை வைத்த அனைவர் பெயரும் வெளிப்படையாகக் குறிக்கப்பட வேண்டும். வேண்டியவரை நேரில் அழைத்து வினவிய பின்னரே நல்கை வழங்க வேண்டும். எழுத்துத்துணை தேவையெனில் பல்கலைக்கழகமே நிலையான பணியாளரை அமர்த்தட்டும். எல்லாவற்றினும் மேலாக, தமிழில் எழுதிய வரைவு ஏற்கப்பட வேண்டும். மொழிபெயர்ப்புச் செலவு நல்கை தருவோரைச் சேரட்டும். 1956ஆம் ஆண்டிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்திலிருந்து இதனைத் தொடங்கத் தடையென்ன?

தன் மண்ணைப் பற்றிய வினாவைத் தன் மொழியில் கேட்க இயலாத இனம், விடையையும் பிறரிடமே வாங்கும். தமிழாசிரியர்களும் அறிவியலாசிரியர்களும் ஒருங்கு நின்று இவ்வுரிமையைக் கேட்கட்டும். எழுதுகோல் இரவலாயின் அறிவும் இரவலே!