கயிற்றை அவிழ்த்தால் போதுமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள், அவனோடு ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள். ஒரே பாடப்புத்தகம், ஒரே மணியோசை. அரிவாளை எடுக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? வீட்டுத் திண்ணையும் டீக்கடை பெஞ்சும் கையில் கட்டிய வண்ணக் கயிறும்தான்.

அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி பள்ளியில் கூடாது என்றதும் சிலர் கொதித்தார்கள். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அறநெறி வகுப்பு வேண்டும் என்றும் அதே அறிக்கை சொன்னது. நாம் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

அறம் என்றாலே சாமி, சடங்கு என்று பழகிவிட்டோம். எந்த மதத்துப் பிள்ளைக்கும், மதமே வேண்டாம் என்கிற பிள்ளைக்கும் பொதுவான அறநூல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதுதான் அரசமைப்புச் சட்டம். அதன் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்கிறது 51ஏ பிரிவு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இரங்குகிற ஊர், சேரிப் பிள்ளை நன்றாகப் படித்தால் மட்டும் ஏன் பொருமுகிறது? சகோதரத்துவம் இல்லையென்றால் சுதந்திரமும் சமத்துவமும் வெறும் மேல்பூச்சுதான் என்று அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்றே அரசமைப்பு அவையில் எச்சரித்தார்.

'ஐயோ பாவம்' என்ற பரிதாபத்தை நாம் யாரிடமும் கேட்கவில்லை. அடுத்தவன் வலியைத் தன் வலியாக எண்ணி, தப்பு நடக்கும்போது குறுக்கே நிற்பதே இரக்கம். இதை ஊர்த்தெருவைப் பார்த்து மட்டும் சொல்லிவிட்டு நாம் நழுவ முடியாது. அருந்ததியர் வீட்டில் கை நனைக்கத் தயங்குகிறவர்கள் நம் தெருவிலும் உண்டு. அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்ட கையே வீட்டுப் பெண்ணை அடிப்பதும் உண்டு. அங்கேயும் அறம் தோற்கத்தான் செய்கிறது.

அறநெறி வகுப்பை அரசு உண்மையாக நடத்த வேண்டும். கணக்கு வாத்தியார் கடன் வாங்கும் பீரியடாக அது போய்விடக் கூடாது.

தம்பி, தங்கைகளே! அதுவரை காத்திருக்க வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குத் தனியே உட்காரும் பிள்ளையின் பக்கத்தில் நாளை போய் உட்காருங்கள். யாராவது சாதி சொல்லிக் கேலி பேசினால் சிரிக்காதீர்கள். 'தப்பு' என்று சொல்லுங்கள். கையில் இருக்கும் கயிற்றை ஓர் அரசாணை அவிழ்த்துவிடும். மனசில் கட்டியிருப்பதை நாம்தான் அவிழ்க்க வேண்டும்.