வரி எங்கே முடிகிறது?

பி.காம். படிச்சவனுக்கு இது எதுக்குன்னு பொட்டி தட்டும் நண்பர்கள் கேட்கலாம். இங்க புனேயில சம்பளக் கோப்புகளோட மல்லுக்கட்டுறது நான்தானே!

டெலிடைப் காலத்துல அச்சுத் தலையை இடப்பக்கம் திருப்ப ஒரு குறி (13), காகிதத்தை ஒரு வரி தள்ள இன்னொண்ணு (10). டாஸும் விண்டோஸும் ரெண்டையும் வச்சுக்கிச்சு. யூனிக்ஸ் 10 மட்டும் போதும்னுடுச்சு. (பழைய மேக்ல 13 மட்டும். அது தனிக்கூத்து.)

கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம். ஆனா வரிக்கடைசியில கணக்கு எண் இருந்தா, 13 அதோட ஒட்டிக்கிட்டு 'கணக்கு இல்லை'ன்னு திரும்பிடும். பார்த்தா எண் சரியாத்தான் இருக்கும்! ஊருக்குப் பணம் அனுப்பக் காத்திருக்கிற 300 பேருக்குச் சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போகும். திட்டு வாங்குறது கம்பெனியில கணக்கு எழுதுற பையன், பல நேரம் நம்ம ஊர்ப்பையன்.

இதைத்தான் என்னால ஒத்துக்க முடியலை. கோப்பு எப்படி இருக்கணும்னு வங்கி கொடுக்கிற குறிப்புல பெயருக்கு இத்தனை எழுத்து, தொகைக்கு இத்தனைன்னு பக்கம் பக்கமா இருக்கும். வரி எப்படி முடியணும்னு ஒரு வார்த்தை இருக்காது. எழுதாத விதியை அவன் எப்படிங்க மீறினான்? அந்த ஒரு வரியை முதல்ல எழுதுங்க சாமி. இல்லைன்னா ரெண்டு விதத்தையும் ஏத்துக்கிற மாதிரி நிரலை மாத்துங்க.

அதுவரைக்கும் தம்பிகளா, நோட்பேட்++ல கீழ் வலது மூலையைப் பாருங்க. எந்த வகைன்னு அங்கேயே இருக்கும். மாத்தணும்னா எடிட் மெனுவுல 'ஈஓஎல் கன்வர்ஷன்'. சாதா நோட்பேட் யூனிக்ஸ் கோப்பை ஒழுங்கா வரி பிரிச்சுக் காட்டவே 2018 ஆச்சு.