கீரி சம்பாவுக்கு விலை போட்டால் போதுமா?



அரிசி விலை ஏறினால் நாம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அரசாங்கம் கட்டுப்பாட்டு விலை போடக் கூடாதா? இரத்மலானையில் ஜும்ஆ முடிந்து வாசலில் நின்றாலும் இதே பேச்சு. கேட்டது கிடைத்தபோது என்ன நடந்தது?

2021 செப்டம்பர் 2ஆம் திகதி வர்த்தமானி வந்தது. கீரி சம்பா கிலோ 125 ரூபா, நாடு 98 ரூபா. கடைகளில் அரிசி தட்டுப்பாடானது. 28ஆம் திகதியே கட்டுப்பாட்டை நீக்கினார்கள். ஆலைக்காரர்கள் கீரி சம்பாவை 165 ஆக்கினார்கள். 2024 டிசம்பரில் மறுபடியும் வர்த்தமானி, கீரி சம்பா 260. பிறகு அந்த விலைக்குக் கேட்டுக் காலி வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினோம்.

வகுப்பில் கேள்வி, நிரம்பல் என்று கரும்பலகையில் கோடு கீறுகிறோம். அந்தக் கோட்டுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். வியன்னாவில் பிறந்த ஹயெக் 1945இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: விலை ஒரு செய்தி. பொலன்னறுவையில் மழை பிந்தியதும் லொறிக்கு டீசல் கூடியதும் கொழும்பில் இருக்கும் அதிகாரிக்கு முழுதாகத் தெரியாது. விலை கூடினால் நம் வீட்டு உம்மா தானாகவே நாட்டரிசிக்கு மாறிவிடுவார். விலையை எழுதி ஒட்டிவிட்டால் அந்தச் செய்தி அவருக்கு வராது, வெறும் தட்டுத்தான் தெரியும்.

மதீனாவில் விலை ஏறியபோது விலை நிர்ணயிக்கும்படி ஸஹாபாக்கள் கேட்டும் ரசூலுல்லாஹ் (ஸல்) மறுத்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. இதைக் காட்டி ஆலை முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்கவும் முடியாது. வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து சந்தையைப் பிடித்தால் ஆட்சியாளர் தலையிடலாம் என்றார் இப்னு தைமிய்யா.

நம் அரிசிச் சந்தை எங்கே சுதந்திரமாக இருக்கிறது? 2024 டிசம்பரில் தனியார் இறக்குமதியைக் கொஞ்ச நாள் திறந்தபோதும் கிலோவுக்கு 65 ரூபா வரி. போட்டிக்கு வருபவனை வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே இருக்கும் பெரிய ஆலைகளிடம் விலையைக் குறை என்கிறோம். தண்டம் விழுவதோ சின்னக் கடைக்காரருக்கு. 2021இல் திருத்திய சட்டப்படி குறைந்தது ஒரு இலட்சம் ரூபா.

நாம் சாமான் வாங்கும் கடை நானா கீரி சம்பா எடுப்பதையே விட்டுவிட்டார். "மொத்த விலையே கூட, சேர். வித்தா தண்டம், விக்காட்டி ஏச்சு" என்கிறார்.

இறக்குமதியைத் திறந்தால் விவசாயி பாதிக்கப்படுவாரே என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அறுவடை நேரத்தில் அவரிடம் அடிமாட்டு விலைக்கு நெல் வாங்குவது யார்? வயலுக்குப் போய் வந்தவர்கள் கீழே எழுதுங்கள்.