எழுதி வைத்த எச்சரிக்கை

2007 ஜூலை 10. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், கார்ப் பந்தய நிறுவனமான நாஸ்காரின் செஸ்னா 310 சிறு விமானம் வானில் பறக்கையில் விமானி அறையில் புகை சூழ்ந்தது. அவசரமாகத் தரையிறங்க சான்ஃபோர்டு விமான நிலையத்தை நோக்கித் திரும்பியது. ஆனால் ஓடுபாதையை எட்டுமுன் வீடுகள் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த இருவரும், வீடுகளில் இருந்த மூவரும் இறந்தனர். அம்மூவரில் இருவர் குழந்தைகள்.

முந்தைய நாள் அதே விமானத்தை ஓட்டியவர், வானிலை ரேடார் அணைந்து கருகிய வாடை வீசியதாக எழுதிக் கொடுத்திருந்தார். பழுது நீக்கப்படாமலே விமானம் மீண்டும் பறந்தது என்கிறது விசாரணை அறிக்கை.

கண்டவர் சொன்னார், அறிந்தவர்கள் நிறுத்தவில்லை. விலை கொடுத்தவர்களுள் ஒன்றும் அறியாத குழந்தைகளும் உண்டு. நம் பொறுப்பில் உள்ள வாகனத்தைப் பற்றி ஒருவர் எச்சரித்தால், பயணத்தை நிறுத்தும் துணிவு நமக்கு உண்டா? சிந்திப்போம்.